முறைமையான மாதிரியெடுப்பு: அனுகூலங்களும் பிரதிகூலங்களும்

வணிக ஆய்வு – அலகுக் குறிப்பும் பயிற்சி வினாக்களும்

இப்பகுதியைக் கற்ற பின்னர் நீங்கள்,

• முறைமையான மாதிரியெடுப்பு என்றால் என்ன என்பதை வரைவிலக்கணப்படுத்துவீர்கள்.
• மாதிரி இடைவெளியைக் கணித்து, மாதிரி ஒன்றைத் தெரிவு செய்து காட்டுவீர்கள்.
• இம்முறையின் அனுகூலங்களையும் பிரதிகூலங்களையும் உதாரணங்களுடன் விளக்குவீர்கள்.
• தரப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தில் இம்முறை பொருந்துமா, பொருந்தாதா எனத் தீர்மானிப்பீர்கள்.

1. அறிமுகம்

வியாபாரம் செய்பவர் ஒவ்வொரு நாளும் தீர்மானங்களை எடுக்கின்றார். எந்தப் பொருளைக் கூடுதலாகக் கொள்வனவு செய்வது, எவ்வளவு உற்பத்தி செய்வது, வாடிக்கையாளர் சேவையில் திருப்தி அடைந்துள்ளனரா என்பன அவற்றுட் சிலவாகும். இவற்றுக்குச் சரியான தகவல்கள் வேண்டும். அத்தகவல்களைத் திட்டமிட்டுத் திரட்டி ஆராய்வதே வணிக ஆய்வு ஆகும்.

தகவல்களை இரு வழிகளில் திரட்டலாம். ஒன்று, சம்பந்தப்பட்ட அனைவரிடமும் கேட்டல். இது முழுமையான தொகைமதிப்பு எனப்படும். மற்றையது, அவர்களுள் ஒரு பகுதியினரை மட்டும் தெரிவு செய்து கேட்டல். இது மாதிரியெடுப்பு எனப்படும்.

இலங்கையில் 1871 ஆம் ஆண்டு முதல் குடிசன மதிப்பீடுகள் நடத்தப்பட்டு வருகின்றன. 2012 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நாட்டின் குடிசனத்தொகை 20,359,439 எனப் பதிவு செய்யப்பட்டது. இவ்வளவு பேரையும் எண்ணுவதற்கு ஓர் அரசாங்கத்தின் பணமும் ஆளணியும் தேவை. சாதாரண வியாபார நிறுவனம் ஒன்றினால் தனது வாடிக்கையாளர் அனைவரையும் சந்திக்க முடியாது. எனவே அது மாதிரியெடுப்பையே நாடுகின்றது. ஆனால் மாதிரி தவறானால் தீர்மானமும் தவறாகும், பணமும் நட்டமாகும். ஆகவே மாதிரியை எவ்வாறு தெரிவு செய்கின்றோம் என்பது மிக முக்கியமானதாகும்.

2. முக்கிய பதங்கள்

குடித்தொகை: ஆய்வுக்குரிய எல்லா அலகுகளும் சேர்ந்த தொகுதி. அலகுகள் மனிதராகவோ கடைகளாகவோ விலைச்சிட்டைகளாகவோ நாட்களாகவோ இருக்கலாம்.

மாதிரி: குடித்தொகையைப் பிரதிநிதித்துவம் செய்வதற்காக அதிலிருந்து தெரிவு செய்யப்படும் ஒரு பகுதி.

மாதிரிச் சட்டகம்: குடித்தொகையின் அலகுகள் எல்லாம் அடங்கிய பட்டியல். உதாரணம்: அங்கத்தவர் இடாப்பு, வாக்காளர் இடாப்பு, ஊழியர் பெயர்ப்பட்டியல்.

மாதிரி இடைவெளி: தெரிவு செய்யப்படும் ஓர் அலகுக்கும் அடுத்த அலகுக்கும் இடையிலுள்ள எண் வித்தியாசம்.

எழுமாறான தொடக்கம்: முதலாவது அலகைச் சீட்டிழுப்பு அல்லது எழுமாற்று எண் அட்டவணை மூலம் தெரிவு செய்தல்.

பக்கச்சார்பு: மாதிரியின் பெறுபேறு உண்மை நிலையிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்றல்.

3. முறைமையான மாதிரியெடுப்பு என்றால் என்ன?

குடித்தொகையின் பட்டியலில் எழுமாறாக ஓர் அலகைத் தெரிவு செய்து, அதன்பின் சமமான இடைவெளிகளில் வரும் அலகுகளை வரிசையாகத் தெரிவு செய்தல் முறைமையான மாதிரியெடுப்பு எனப்படும். இதனை ஒழுங்குமுறை மாதிரியெடுப்பு எனவும் அழைப்பர்.

மாதிரி இடைவெளி = குடித்தொகையின் பருமன் ÷ மாதிரியின் பருமன்

உதாரணம் 1

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 600 அங்கத்தவர் உள்ளனர் எனக் கொள்வோம். அவர்களுள் 60 பேரிடம் சங்கக் கடையின் சேவை பற்றி வினவ வேண்டியுள்ளது.

படி 1: அங்கத்தவர் இடாப்பைப் பெற்று 1 முதல் 600 வரை இலக்கமிடுக.
படி 2: மாதிரி இடைவெளி = 600 ÷ 60 = 10.
படி 3: 1 முதல் 10 வரை எழுதிய பத்துச் சீட்டுகளுள் ஒன்றை இழுக்க. 4 கிடைத்தது எனக் கொள்வோம்.
படி 4: 4 உடன் 10 ஐத் தொடர்ந்து கூட்டுக. 4, 14, 24, 34 ... 594 ஆகிய இலக்கங்களுக்குரிய 60 பேரும் மாதிரியாவர்.

மூன்றாம் படியை மாணவர் பலர் விட்டுவிடுகின்றனர். எப்போதும் 1 இலிருந்து தொடங்கினால் அது எழுமாறான மாதிரி ஆகாது. தொடக்க எண்ணைச் சீட்டிழுத்துப் பெறும்போதுதான் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் பத்தில் ஒரு வாய்ப்புக் கிடைக்கின்றது.

3.1 மீதி வரும்போது

1,030 வாடிக்கையாளருள் 100 பேர் வேண்டுமெனின் இடைவெளி 10.3 ஆகும். அதனை 10 எனக் கொண்டு, 100 பேர் கிடைத்தவுடன் நிறுத்தினால் 1,001 முதல் 1,030 வரையுள்ள 30 பேருக்கும் ஒருபோதும் வாய்ப்புக் கிடையாது. பட்டியலின் இறுதியில் புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளர் இருப்பின் அவர்களுடைய கருத்து முற்றாக விடுபட்டுவிடும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன.

(அ) பட்டியலின் இறுதி வரை சென்று 103 பேரையும் ஏற்றுக்கொள்ளல்.
(ஆ) பட்டியலை ஒரு வட்டமாகக் கருதல். 1 முதல் 1,030 வரையுள்ள எந்த எண்ணிலிருந்தும் தொடங்கலாம். 646 இல் தொடங்கினால் 656, 666 ... 1,026 வரை சென்று, அதன்பின் 6, 16, 26 எனத் தொடர்ந்து 100 பேர் நிறைவுற்றதும் நிறுத்த வேண்டும்.

3.2 பட்டியல் இல்லாதபோது

கடைக்கு வரும் வாடிக்கையாளரின் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறுகின்றனர். அந்த வரிசையே பட்டியலாகப் பயன்படுகின்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 பேர் வருவர் என மதிப்பிட்டு, 50 பேரிடம் கேட்க விரும்பினால் வெளியேறும் ஒவ்வொரு எட்டாவது நபரிடமும் வினாக்கொத்தைக் கொடுக்கலாம். முதலாமவரை 1 முதல் 8 வரையுள்ள எண்களுள் சீட்டிழுத்துத் தீர்மானிக்க வேண்டும்.

4. அனுகூலங்கள்

4.1 இலகுவானது, விரைவானது

எளிய எழுமாற்று மாதிரியெடுப்பில் 60 பேர் வேண்டுமெனின் 60 தடவைகள் எழுமாற்று எண் பெற வேண்டும். முறைமையான மாதிரியெடுப்பில் ஒரு தடவை மட்டும் சீட்டிழுத்தால் போதும். மிகுதி எல்லாம் கூட்டல் ஆகும். அதிக பயிற்சி பெறாத ஊழியரும் இதனைப் பிழையின்றிச் செய்யலாம்.

4.2 செலவு குறைவு

நேரம் குறைவதால் ஆளணிச் செலவும் குறைகின்றது. சிறு முயற்சியாளருக்கும் பாடசாலைக் குழுச் செயற்றிட்டங்களுக்கும் இது பொருத்தமானது.

4.3 மாதிரி குடித்தொகை முழுவதிலும் பரந்து காணப்படும்

இதுவே இம்முறையின் மிகச் சிறந்த அனுகூலமாகும். உதாரணம் 1 இல் இடாப்பு கிராம ஒழுங்கில் எழுதப்பட்டுள்ளது எனக் கொள்வோம். 1 – 300 முதலாம் கிராமம். 301 – 500 இரண்டாம் கிராமம். 501 – 600 மூன்றாம் கிராமம். 4, 14, 24 எனத் தெரிவு செய்யும்போது முதலாம் கிராமத்திலிருந்து 30 பேரும், இரண்டாம் கிராமத்திலிருந்து 20 பேரும், மூன்றாம் கிராமத்திலிருந்து 10 பேரும் கிடைப்பர். அதாவது குடித்தொகையில் உள்ள விகிதமே மாதிரியிலும் அமைகின்றது. எளிய எழுமாற்று முறையில் சிறிய மூன்றாம் கிராமத்திலிருந்து 4 பேரோ 16 பேரோ வந்துவிடவும் இடமுண்டு. படைகளாகப் பிரிக்கும் வேலையைச் செய்யாமலே படையாக்கப்பட்ட மாதிரியெடுப்பின் பயனை இங்கு பெறுகின்றோம்.

4.4 ஆய்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை

தொடக்க எண் தீர்மானிக்கப்பட்ட பின்னர் யாரைக் கேட்பது என்பதை ஆய்வாளர் தெரிவு செய்ய முடியாது. முகமலர்ச்சியுடன் வருபவரை மட்டும் கேட்டல், அவசரமாகச் செல்பவரை விட்டுவிடுதல் போன்ற பக்கச்சார்புகள் குறைகின்றன.

4.5 சரிபார்ப்பது இலகு

தொடக்க எண்ணும் இடைவெளியும் தெரிந்தால், களப்பணியாளர் உரிய நபர்களைச் சந்தித்தாரா என்பதை மேற்பார்வையாளர் பட்டியலைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

4.6 பட்டியல் இல்லாமலும் பயன்படுத்தலாம்

பிரிவு 3.2 இல் கூறியவாறு கடை வாடிக்கையாளர், உற்பத்தி வரிசையில் வரும் பொருட்கள், வீதியிற் செல்லும் வாகனங்கள் போன்ற தொடர்ச்சியான வரிசைகளுக்கு இம்முறை பொருந்தும். தொழிற்சாலைகளில் ஒவ்வொரு நூறாவது பொதியையும் எடுத்து நிறையையும் தரத்தையும் பரிசோதிப்பது இதற்கு உதாரணமாகும்.

5. பிரதிகூலங்கள்

5.1 பட்டியலில் மறைந்துள்ள சுழற்சிப் போக்கு

இது மிக ஆபத்தான பிரதிகூலமாகும். பட்டியலில் ஏதேனும் ஓர் இயல்பு குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருமாயின், அந்த இடைவெளியும் மாதிரி இடைவெளியும் பொருந்தும்போது மாதிரி முழுவதும் ஒரே வகையான அலகுகளால் நிரம்பிவிடும்.

உதாரணம் 2

ஒரு வெதுப்பகத்தில் 28 நாட்களில் விற்பனையான பாண்களின் எண்ணிக்கை கீழே தரப்பட்டுள்ளது. (இது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட உதாரணமாகும்.)

| வாரம் | திங்கள் | செவ்வாய் | புதன் | வியாழன் | வெள்ளி | சனி | ஞாயிறு | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|---|
| 1 | 210 | 200 | 205 | 215 | 240 | 290 | 180 | 1,540 |
| 2 | 205 | 210 | 200 | 220 | 235 | 300 | 170 | 1,540 |
| 3 | 215 | 195 | 210 | 210 | 245 | 285 | 180 | 1,540 |
| 4 | 210 | 205 | 205 | 215 | 240 | 295 | 170 | 1,540 |

மொத்த விற்பனை 6,160 பாண்கள். உண்மையான நாட் சராசரி 6,160 ÷ 28 = 220 ஆகும். வெதுப்பக உரிமையாளருக்கு 28 நாட்களின் கணக்கையும் பார்க்க நேரமில்லை. அவர் மாதிரி ஒன்றை எடுக்கின்றார்.

முதலாவது முறை: இடைவெளி 7, தொடக்கம் 6.
தெரிவாகும் நாட்கள்: 6, 13, 20, 27. இவை நான்கும் சனிக்கிழமைகள்.
சராசரி = (290 + 300 + 285 + 295) ÷ 4 = 292.5

தொடக்கம் 7 ஆக இருந்திருந்தால் நான்கு நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகளாகும்.
சராசரி = (180 + 170 + 180 + 170) ÷ 4 = 175

இரண்டாவது முறை: இடைவெளி 4, தொடக்கம் 3.
தெரிவாகும் நாட்கள்: 3, 7, 11, 15, 19, 23, 27.
இவை முறையே புதன், ஞாயிறு, வியாழன், திங்கள், வெள்ளி, செவ்வாய், சனி ஆகும்.
சராசரி = (205 + 180 + 220 + 215 + 245 + 205 + 295) ÷ 7 = 1,565 ÷ 7 = 223.6

இரண்டாவது முறையில் வாரத்தின் ஏழு நாட்களும் ஒவ்வொரு தடவை இடம்பெற்றுள்ளன. எனவே விடை 220 க்கு மிக அண்மையில் உள்ளது. தொடக்கம் 1, 2, 4 ஆக இருந்தாலும் சராசரிகள் முறையே 223.6, 217.1, 215.7 என்றே அமையும். நீங்களே கணித்துப் பாருங்கள்.

முதலாவது மாதிரியில் 4 நாட்களும் இரண்டாவதில் 7 நாட்களும் இருப்பதுதான் காரணம் எனச் சிலர் எண்ணக்கூடும். அது சரியன்று. இடைவெளி 7 ஆக இருக்கும் வரை, ஒரு வருடம் முழுவதையும் எடுத்து 52 சனிக்கிழமைகளைத் தெரிவு செய்தாலும் அவர் சனிக்கிழமை விற்பனையை மட்டுமே அறிவார். மாதிரியைப் பெரிதாக்குவதால் இந்தப் பிழை திருந்தாது.

இதன் விளைவைப் பாருங்கள். உரிமையாளர் முதலாவது மாதிரியை நம்பி நாள்தோறும் 292 பாண்களைத் தயாரித்தால், சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 72 பாண்கள் விற்காமல் எஞ்சும். ஒரு பாணின் உற்பத்திச் செலவு 100 ரூபா எனக் கொண்டால் 28 நாட்களில் நட்டம் 2 இலட்சம் ரூபாவைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதிரியை நம்பி 175 பாண்களைத் தயாரித்தாலோ வார நாட்களில் பாண் போதாமல் வாடிக்கையாளர் வேறு கடையை நாடுவர். கணக்கில் ஒரு கூட்டற் பிழையும் இல்லை. பிழை முழுவதும் இடைவெளியிலேயே உள்ளது.

தவிர்க்கும் வழி: சுழற்சியின் நீளத்துக்கும் மாதிரி இடைவெளிக்கும் 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்கக் கூடாது. வாரச் சுழற்சி 7 நாட்கள் ஆகையால் 7, 14, 21 ஆகிய இடைவெளிகளைத் தவிர்க்க வேண்டும்.

5.2 பட்டியல் குறைபாடுடையதாயின் மாதிரியும் குறைபாடுடையதாகும்

பட்டியலில் இல்லாத ஒருவர் மாதிரியில் வர முடியாது. கடன் வாடிக்கையாளர் பேரேட்டிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் காசுக்கு வாங்குவோரின் கருத்து கிடைக்காது. இக்குறைபாடு ஏனைய எழுமாற்று முறைகளுக்கும் உண்டு. ஆயினும் இம்முறை ஒழுங்காகத் தோற்றமளிப்பதால் பட்டியலின் குறையை ஆய்வாளர் கவனிக்காமல் விடுவதற்கு இடமுண்டு.

5.3 குடித்தொகையின் பருமன் தெரிந்திருக்க வேண்டும்

இடைவெளியைக் கணிப்பதற்கு மொத்த எண்ணிக்கை தேவை. பிரிவு 3.2 இன் கடையில் 400 பேருக்குப் பதிலாக 240 பேர் மட்டும் வந்தால், எட்டாமவரைத் தெரிவு செய்யும்போது 50 பேருக்குப் பதிலாக 30 பேரே கிடைப்பர்.

5.4 பெறக்கூடிய மாதிரிகள் சில மட்டுமே

உதாரணம் 1 இல் தொடக்க எண் 1 முதல் 10 வரையே இருக்கலாம். எனவே பத்து வெவ்வேறு மாதிரிகள் மட்டுமே உண்டு. அடுத்தடுத்த இலக்கமுடைய இருவர் ஒரே மாதிரியில் ஒருபோதும் இடம்பெற மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சம வாய்ப்பு இல்லை. எளிய எழுமாற்று மாதிரியெடுப்பிலிருந்து இம்முறை வேறுபடும் இடம் இதுவே.

5.5 மாதிரியெடுப்பு வழுவை மதிப்பிடுவது கடினம்

ஒரேயொரு தொடக்க எண்ணே பயன்படுத்தப்படுவதால் பெறுபேறு எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதை அந்த மாதிரியைக் கொண்டே உறுதியாகக் கூற முடியாது. இதற்குப் பரிகாரமாக இரு தொடக்கங்களைப் பயன்படுத்தலாம். உதாரணம் 1 இல் இடைவெளியை 20 ஆக்கி, இரு தொடக்க எண்களைச் சீட்டிழுத்து, 30 பேர் கொண்ட இரு மாதிரிகளை எடுக்கலாம். இரண்டின் பெறுபேறுகளும் அண்மையில் இருப்பின் நம்பிக்கை கூடும். பெரிதும் வேறுபட்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

5.6 முன்கூட்டியே அறிந்து ஏமாற்றலாம்

உள்ளகக் கணக்காய்வில் ஒவ்வொரு 25 ஆவது உறுதிச்சீட்டும் சோதிக்கப்படும் என ஊழியர் அறிந்தால், அந்த இலக்கங்களை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். தொடக்க எண்ணை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீட்டிழுத்து இரகசியமாக வைத்திருப்பது இதனைக் குறைக்கும்.

5.7 பிரதியீடு செய்வதால் வரும் பக்கச்சார்பு

தெரிவான வீடு பூட்டியிருந்தால் களப்பணியாளர் அடுத்த வீட்டுக்குச் செல்வதுண்டு. பகலில் பூட்டியிருப்பவை பெரும்பாலும் எல்லோரும் வேலைக்குச் செல்லும் வீடுகளாகும். அவற்றை விட்டுவிட்டால் தொழில் புரிவோரின் கருத்து குறைந்துவிடும். எனவே அதே வீட்டுக்கு மாலையிலோ விடுமுறை நாளிலோ மீண்டும் செல்ல வேண்டும்.

6. பட்டியலின் ஒழுங்கே விடையைத் தீர்மானிக்கின்றது

அனுகூலம் 4.3 உம் பிரதிகூலம் 5.1 உம் ஒரே விடயத்தின் இரு பக்கங்கள் ஆகும். பட்டியல் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே இம்முறை நன்மை தருவதும் தீமை தருவதும் அமையும்.

| பட்டியலின் ஒழுங்கு | உதாரணம் | முறைமையான மாதிரியெடுப்பு |
|---|---|---|
| ஆய்வு விடயத்துடன் தொடர்பற்ற ஒழுங்கு | பெயர் அகரவரிசை | எளிய எழுமாற்று முறைக்குச் சமமான பயன் தரும் |
| வகை வகையாக அல்லது ஏறுவரிசையாக உள்ள ஒழுங்கு | கிராம வாரியான இடாப்பு, விற்பனைப் பெறுமதி வாரியான கடைகள் | பெரும்பாலும் எளிய எழுமாற்று முறையிலும் சிறந்த பயன் தரும் |
| சுழற்சியாக மீண்டும் வரும் ஒழுங்கு | நாள் வாரியான விற்பனை, வரிசைத் தலைவருடன் தொடங்கும் ஊழியர் பட்டியல் | இடைவெளி பொருந்தினால் தவறான விடை தரும் |

நினைவில் கொள்க: இடைவெளியைக் கணிப்பதற்கு முன் பட்டியலை வாசிக்க வேண்டும். அது யாரால், எந்த ஒழுங்கில், எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டது எனக் கேட்க வேண்டும்.

7. வரலாற்றிலிருந்து இரு பாடங்கள்

(அ) 1936 – ஐக்கிய அமெரிக்க சனாதிபதித் தேர்தல்

லிட்டரரி டைஜஸ்ட் என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு அல்பிரட் லாண்டன் வெற்றி பெறுவார் என அது அறிவித்தது. ஆனால் பிராங்ளின் ரூஸ்வெல்ட் அன்றிருந்த 48 மாநிலங்களுள் 46 இல் வெற்றி பெற்றார். பெயர்கள் தொலைபேசிப் புத்தகங்கள், மோட்டார் வாகனப் பதிவுகள் முதலியவற்றிலிருந்து எடுக்கப்பட்டமையும், பதில் அனுப்பியோர் ஒரு பகுதியினராக மட்டும் இருந்தமையும் தவறுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் மோட்டார் வாகனமும் வசதி படைத்தோரிடமே பெரிதும் இருந்தன. இது முறைமையான மாதிரியெடுப்பு அன்று. ஆயினும் பட்டியல் பிழையாயின் மாதிரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை என்னும் பாடம் எல்லா முறைகளுக்கும் பொதுவானதாகும்.

(ஆ) 1940 – ஐக்கிய அமெரிக்கக் குடிசன மதிப்பீடு

அந்நாட்டுக் குடிசன மதிப்பீட்டில் மாதிரியெடுப்பு முதன்முறையாக இவ்வாண்டிலேயே பயன்படுத்தப்பட்டது. விபரப் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 40 வரிகள் இருந்தன. அவற்றுள் குறித்த 2 வரிகளில் வரும் நபர்களிடம் மேலதிக வினாக்கள் கேட்கப்பட்டன. அதாவது இருபதுக்கு ஒருவர், நூற்றுக்கு 5 வீதம். இங்கு ஒரு சிக்கல் இருந்தது. எண்ணுவோர் பெரும்பாலும் தெருவின் மூலை வீட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத் தலைவரை முதலில் எழுதினர். எனவே சில வரிகளில் குறித்த வகையினர் கூடுதலாக இடம்பெறக்கூடும். இதனை முன்னுணர்ந்த அதிகாரிகள், மாதிரி வரிகள் வெவ்வேறு இடங்களில் அமைந்த ஐந்து வகைப் படிவங்களை அச்சிட்டுப் பயன்படுத்தினர். பட்டியலின் ஒழுங்கை முன்கூட்டியே ஆராய்ந்து பரிகாரம் தேடியமைக்கு இது சிறந்த உதாரணமாகும்.

இம்முறையின் கணிதக் கோட்பாட்டை வில்லியம் மடோ, லிலியன் மடோ ஆகிய இருவரும் 1944 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

8. பரீட்சையில் விடையளிக்கும்போது

• "அனுகூலம் ஒன்றை விளக்குக" எனக் கேட்டால் "இலகுவானது" என்று மட்டும் எழுதாது, ஏன் இலகு என்பதையும் எழுதுக: ஒரு தடவை மட்டும் எழுமாற்று எண் பெற்றால் போதும்.
• செய்முறை கேட்கப்பட்டால் "எழுமாறான தொடக்கம்" என்னும் படியைத் தவறாது குறிப்பிடுக.
• சந்தர்ப்பம் தரப்பட்டால் முதலில் பட்டியலின் ஒழுங்கைக் கண்டுபிடிக்க. வாரம், மாதம், வரிசை, மாடி போன்ற சொற்கள் சுழற்சியைக் காட்டும் குறிப்புகளாகும்.
• படையாக்கப்பட்ட மாதிரியெடுப்புடன் குழப்பிக்கொள்ளாதிருக்க. அதில் குடித்தொகை முதலில் படைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படையிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்கப்படும்.

9. பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – சரியான விடையைத் தெரிவு செய்க.

(1) 480 ஊழியருள் 40 பேரை முறைமையான மாதிரியெடுப்பு மூலம் தெரிவு செய்ய வேண்டும். மாதிரி இடைவெளி யாது?
(1) 8  (2) 10  (3) 12  (4) 40

(2) மேற்படி வினாவில் தொடக்க எண் 7 எனின் ஐந்தாவதாகத் தெரிவு செய்யப்படும் ஊழியரின் இலக்கம்
(1) 35  (2) 43  (3) 55  (4) 67

(3) நாள் வாரியான விற்பனைப் பதிவிலிருந்து மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய இடைவெளி
(1) 4  (2) 5  (3) 9  (4) 14

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை

ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 15 உற்பத்தி வரிசைகள் உள்ளன. ஒவ்வொரு வரிசையிலும் 20 பேர் உள்ளனர். ஊழியர் பட்டியல் வரிசை வாரியாக எழுதப்பட்டுள்ளது. ஒவ்வொரு வரிசையிலும் முதலாவது பெயர் வரிசைத் தலைவருடையது. வேலை நிலைமைகள் பற்றி 15 பேரிடம் கருத்துக் கேட்க முகாமையாளர் விரும்புகின்றார்.

(அ) மாதிரி இடைவெளியைக் கணிக்க.
(ஆ) தொடக்க எண் 1 எனின் மாதிரியில் இடம்பெறுவோர் யாவர்? தொடக்க எண் 9 எனின் யார் முற்றாக விடுபடுவர்?
(இ) இம்மாதிரியின் பெறுபேற்றை நம்பித் தீர்மானம் எடுத்தால் தொழிற்சாலைக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு ஒன்றை விளக்குக.
(ஈ) இக்குறைபாட்டைத் தவிர்ப்பதற்கு இரு வழிகளைத் தருக.

விடைகள்

பகுதி 1: (1) – 3; (2) – 3, அதாவது 7 + (4 × 12) = 55; (3) – 4, ஏனெனில் 14 ஆனது 7 இன் மடங்காகும்.

பகுதி 2:
(அ) 300 ÷ 20 எனச் செய்வது தவறு. குடித்தொகை 300, மாதிரி 15. எனவே இடைவெளி 300 ÷ 15 = 20.
(ஆ) தொடக்கம் 1 எனின் 1, 21, 41 ... 281 ஆகிய 15 பேரும் வரிசைத் தலைவர்களே. தொடக்கம் 9 எனின் வரிசைத் தலைவர் ஒருவரும் இடம்பெறார்.
(இ) தலைவர்கள் மட்டும் கருத்துக் கூறினால் ஏனைய 285 ஊழியரின் குறைகள் முகாமைக்குத் தெரியவராது. குறைகள் தீர்க்கப்படாதபோது ஊழியர் விலகுவர், உற்பத்தி குறையும், புதியோரைப் பயிற்றுவிக்கும் செலவு கூடும்.
(ஈ) பட்டியலைப் பெயர் அகரவரிசையில் மாற்றி எழுதிய பின் மாதிரி எடுத்தல். அல்லது தலைவர்கள், ஏனைய ஊழியர் என இரு படைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்தல்.

செயற்பாடு: உங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் ஒரு மாத விற்பனைப் பதிவை அனுமதியுடன் பெற்று, இடைவெளி 5 உடன் ஒரு மாதிரியும் இடைவெளி 4 உடன் ஒரு மாதிரியும் எடுக்க. இரு சராசரிகளையும் உண்மையான சராசரியுடன் ஒப்பிடுக. பாடசாலை வாரத்துக்கு ஐந்து நாட்கள் நடைபெறுகின்றது என்பதை மனதிற்கொண்டு, வித்தியாசம் இருப்பின் அதற்கான காரணத்தை எழுதுக.